மெத் பழக்கம்: தம்பிக்காகப் பார்த்த இரண்டு மையங்கள்

என் தம்பி மெத்தம்பெட்டமைன் (சுருக்கமாக மெத்) என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கு அடிமையாகியிருந்தான். அவனுக்காகப் பார்த்த மையங்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. தம்பி இப்போது வேலைக்குப் போகிறான்.

முதல் இடத்துக்கு ஒரு ஸ்டார், அதுவும் சாப்பாட்டுக்காக. ஊருக்கு வெளியே, 90 நாள் உள்ளேயே தங்க வேண்டும். கூட இருந்தவர்கள் எல்லோரும் குடிநோயாளிகள். வகுப்பு, மாத்திரை எல்லாம் குடிக்கானவை. குடிப்பழக்கத்துக்காவது டைசல்பிராம், நால்ட்ரெக்சோன் என்று மருந்துகள் இருக்கின்றன. மெத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் எதுவும் இல்லை என்பதை அங்கே யாரும் எங்களிடம் சொல்லவில்லை. முதல் வாரம் தூங்கித் தூங்கிச் சாப்பிட்டான். "தெளிந்துவிட்டான்" என்றார்கள். அது போதை இறங்கும்போது வருவதுதானாம். அதன் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினார்கள். வெளியே வந்து, முதல் சம்பளம் கைக்கு வந்த அன்று இரவே மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

இரண்டாவது, மனநல மருத்துவர் ஒருவர் நடத்தும் மாடி கிளினிக். நான்கு ஸ்டார். தங்க வேண்டியதில்லை. மெத் எடுத்தால் இரண்டு மூன்று நாள் சிறுநீரில் தெரியும் என்பதால் திங்கள், வியாழன் பரிசோதனை. சுத்தமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து சீட்டு எடுக்கலாம். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கும் சீட்டுகள் கூடிக்கொண்டே போகும். தவறினாலோ வராவிட்டாலோ மறுபடி ஒன்றிலிருந்து. பாதிச் சீட்டில் வெறும் "சபாஷ்". மீதியில் சோப்பு, ரீசார்ஜ், எப்போதாவது பெரிதாக ஏதாவது. "இது என்ன, எல்.கே.ஜி.யா?" என்று நான் சிரித்தேன். அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி உருவாக்கிய முறை, இந்த வகைப் போதைக்கு ஆராய்ச்சிகளில் நன்றாக நிற்பது இப்படிப் பரிசு கொடுப்பதுதான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கலிபோர்னியாவில் அரசு மருத்துவத் திட்டத்திலேயே 2023 முதல் ஊக்கத்தொகை தருகிறார்களாம். ஒன்பதாவது வாரம் தம்பி ஒரு ஹாட்பாக்ஸோடு வந்து நின்றான். அம்மா இன்றும் அதில்தான் இட்லி வைக்கிறாள்.

சீட்டு மட்டுமே போதாது, சரி. மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். சம்பளத்தை மூன்று மாதம் என் கணக்குக்கு வரச் செய்தார்கள். அதற்கு அவன் சம்மதிக்க நாலு ஆலோசனை அமர்வு பிடித்தது. பழைய நம்பர்களை எங்கள் எதிரிலேயே அழித்தான். ஐந்தாவது மாதம் ஒரு முறை வழுக்கி, மறுபடி மெத் எடுத்துவிட்டான். முதல் இடமாக இருந்தால் மறுபடி 90 நாள் கட்டணம் கேட்டிருப்பார்கள். இங்கே "வியாழக்கிழமை வழக்கம்போல வா" என்றார்கள்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? குடும்ப ஆலோசனை வார நாளில் காலை 11 மணிக்கு. ஒவ்வொரு முறையும் எனக்கு அரை நாள் கூலி போகும். ஞாயிறு விடுமுறை. ஆபத்தே சனிக்கிழமை ராத்திரிதான், அப்போது போன் எடுக்க ஆளில்லை. ஒரு ராத்திரி அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அடித்துத்தான் சமாளித்தேன்.

அப்புறம், மாடிப்படி செங்குத்து. முட்டிவலி உள்ள அம்மாக்கள் கீழே இருந்தே கூப்பிட்டால் ஆலோசகர் இறங்கி வந்து பேசுவார்.