மீன்தொட்டி விளக்கு: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்கு வெயில் எட்டுவதே இல்லை. இரண்டடி மீன்தொட்டியில் எத்தனை முறை ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை நட்டாலும் சில வாரங்களில் வெளிறி அழுகிவிடும். அதனால் 140 வெள்ளிக்கு 24 வாட் எல்இடி விளக்கு ஒன்று வாங்கினேன். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் டைமரும் அதிலேயே இருந்தன. அன்று கடையில் நான் பார்த்தது வெளிச்சத்தை மட்டுமே. இன்று என்னிடம் கேட்பவர்களுக்கு, குமிழையும் டைமரையும் முதலில் பாருங்கள் என்கிறேன்.

முதல் மாதம் முழு வெளிச்சத்தில் 12 மணி நேரம் எரியவிட்டேன். பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ அவ்வளவுதானே என்பது என் கணக்கு. செடி வளர்ந்தது, அதைவிட வேகமாகக் கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படர்ந்தது.

அப்போது முதலாம் படிவத்தில் இருந்த மகள்தான் காரணத்தைக் கண்ணுக்குக் காட்டினாள். ஒரு ஹைட்ரில்லாத் தண்டை வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி கண்ணாடிக் குவளை நீரில் தலைகீழாக நிறுத்தி, விளக்கின் அடியில் வைத்து, ஒளிச்சேர்க்கையில் அந்த முனையிலிருந்து எழும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணினாள். 30 விழுக்காடு வெளிச்சத்தில் நிமிடத்துக்கு 8. இரு மடங்காக்கியதும் 19. முழு வெளிச்சத்தில் 20 மட்டுமே.

“இதற்குமேல் கூட்டினாலும் செடிக்கு உதவாது, அப்பா” என்றாள்.

நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு போதாமல் போனால், ஒளியை எவ்வளவு கூட்டியும் ஒளிச்சேர்க்கை வேகம் பிடிக்காது. செடிக்கு வேண்டாத அந்த வெளிச்சத்தில்தான் என் தொட்டியில் பாசி கொழுத்தது.

பாசியை ஒழிக்க, விளக்கை அணைத்து மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவைக்கும் பழக்கம் மீன் வளர்ப்போரிடம் உண்டு. தைப்பூசத்தின்போது அதைச் செய்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உதவிக்கு நின்றதால் தொட்டியைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலையில் துணியை விலக்கினேன். கப்பி மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான்கு செத்து மிதந்தன. அந்தக் காட்சி இன்றும் மனத்தை விட்டுப் போகவில்லை.

செடி இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது இரவும் பகலும் சுவாசிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை தரும் ஆக்சிஜன் அந்தச் செலவைவிட அதிகம் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஒளி நின்றால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. நீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும், இருளில் அவை காற்றைக் கெடுப்பதையும் டச்சு அறிவியலாளர் யான் இங்கன்ஹவுஸ் 1779ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அதிலும் நம் ஊர் வெப்பம் வேறு. 20 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். மீனும் செடியும் அழுகும் பாசியைத் தின்னும் பாக்டீரியாவும் அந்தக் கொஞ்சத்தைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் வெப்பத்தால் வேகம் கூடிய சுவாசத்தோடு.

இப்போது 60 விழுக்காடு வெளிச்சம், பிற்பகல் 1 மணி முதல் இரவு 9 மணி வரை. பாசி அநேகமாக ஒழிந்துவிட்டது. பிஎச் அளவு காலையில் 6.6, இரவில் விளக்கு அணையும் முன் 7.2. இரவெல்லாம் சேரும் கரியமில வாயு நீரை அமிலமாக்குகிறது; பகலில் செடி அதை எடுத்துக்கொள்கிறது.

சிவப்பும் நீலமும் மட்டும் எரியும் வசதியும் இதில் உண்டு. ஒளிச்சேர்க்கைக்கு நன்கு பயன்படும் நிறங்கள்தாம். ஆனால் அந்த ஊதா ஒளியில் இலைகள் கறுத்துத் தெரிந்தன. ஒரு வாரத்தோடு விட்டுவிட்டேன்.

உண்மையான குறை டைமரில்தான். மின்சாரம் தடைப்பட்டால் நேரத்தை மறந்துவிடுகிறது. ஒருமுறை நள்ளிரவு 2 மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாங்கும் கால்களும் ஒன்றரை ஆண்டில் துருப்பிடித்தன. விளக்கின் ஒளியில் மட்டும் என் கண்ணுக்கு எந்தக் குறைவும் தெரியவில்லை. மின்கலம் உள்ள தனி டைமர்கள் இரண்டு வாங்கி, ஒன்றில் விளக்கையும் மற்றொன்றில் காற்று மோட்டாரையும் இணைத்துவிட்டேன். விளக்கு அணையும்போது மோட்டார் ஓடத் தொடங்கி, மறுநாள் விளக்கு எரியும்வரை ஓடுகிறது.