ஏஜென்சிக்கு சிஆர்எம் வாங்கப் போகிறீர்களா? 1,18,000 ரூபாய் கட்டி ஏமாந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்

நேற்று முன்தினம் காலை பத்தேகாலுக்கு எங்கள் அலுவலகத்தில் சிஆர்எம், அதாவது வருகிற விசாரணைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற மென்பொருள், திறக்கவில்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, உங்களுக்குச் சேவை வழங்குபவரைத் தொடர்புகொள்ளவும் என்று. அவரைத் தொடர்புகொள்ளத்தானே ஏழு மாதமாக நாயாய் அலைகிறேன்!

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராது.

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர். ஒரு பல் மருத்துவமனை, வீட்டுமனை விற்பவர்கள் இரண்டு பேர், டியூஷன் சென்டர், சேலைக்கடை என்று மொத்தம் 11 கிளையன்ட். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓட்டி, வருகிற விசாரணைகளை, எங்கள் பேச்சில் ‘லீடு’, பிரித்து அவரவருக்கு அனுப்புவோம். போன வருடம் வரை எல்லாம் எக்செல்தான். சரவணம்பட்டியில் மனை போட்டிருப்பவர் ஒருநாள், “ஏம்மா, உங்க லீடு எங்கைக்கு வர்றதுக்குள்ள அடுத்தவன் பார்ட்டிய கார்ல கூட்டிட்டுப் போய் சைட்டே காட்டிடறான்” என்றார். நியாயமான பேச்சு. அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேடல்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. நோட்டீஸ் அனுப்பும் வரைக்கும் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வகையை மட்டும் சொல்கிறேன். “சிஆர்எம், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், ஈமெயில், லேண்டிங் பேஜ் எல்லாம் ஒரே இடத்தில்; உங்கள் லோகோவைப் போட்டு உங்கள் கிளையன்டுக்கே மாதச் சந்தாவுக்கு விற்கலாம்” என்று ராத்திரி பதினோரு மணிக்கு இன்ஸ்டாவில் விளம்பரம் வருமே, அந்த வகை. ‘முழுக்க எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்க வந்த பையன் முதல் இரண்டு தடவை பேசும்போது ‘மேடம்’ என்றான். மூன்றாவது தடவை வீடியோ காலில் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். “அட, நமக்கு பொள்ளாச்சி பக்கம்ங்க்கா” என்றான். அவ்வளவுதான், அதற்கப்புறம் வாய்க்கு வாய் அக்கா. “அக்கா, உங்க நம்பர் மட்டும் சொல்லுங்க” என்று கேட்டு, திரையில் ஒரு விசாரணைப் படிவத்தில் என் பெயரையும் எண்ணையும் போட்டு பட்டனை அழுத்தினான். மேஜையில் இருந்த என் போன் அதிர்ந்தது. எங்கள் ஏஜென்சி லோகோவோடு சுத்தமான தமிழில் வாட்ஸ்அப் செய்தி: ‘வணக்கம். உங்கள் விசாரணை வந்து சேர்ந்தது. பத்து நிமிடத்தில் அழைக்கிறோம்.’ நான்கு வினாடிகூட ஆகியிருக்காது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆபீஸ் பெண் கைதட்டியேவிட்டாள். சரவணம்பட்டிக்காரர் முகம் கண்ணுக்குள் வந்தது. மனசு அங்கேயே சாய்ந்துவிட்டது.

அதோடு விட்டானா? “நானும் ஏஜென்சி வச்சு நொடிச்சுப் போனவன்தான்க்கா. அப்ப இது மட்டும் கையில இருந்திருந்தா...” என்று குரல் கம்ம நிறுத்தினான். அந்தக் கம்மலும் டெமோவில் சேர்ந்ததுதான் என்று இப்போது புரிகிறது.

மூன்று வருடத்துக்கு ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,18,000. தீபாவளி ஆஃபர், அன்றைக்கு ராத்திரி 12 மணி வரைதான். கிரெடிட் கார்டில் போடுகிறேன் என்றேன். “கார்டுன்னா கேட்வே சார்ஜ் 2 சதவீதம் சேரும்க்கா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு? நெஃப்ட் போட்டுடுங்க” என்றான். 2,360 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்த தம்பி! கார்டில் போட்டிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் தகராறு எழுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். நெஃப்டில் போனது போனதுதான்.

வீட்டுக்காரர் அன்றைக்கே, “ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுப் போடலாமே” என்றார். “எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரு வாரம் வேணும்” என்று எரிந்து விழுந்தேன். இந்த இரண்டு நாளில் அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கள் ஆபீஸ் வாடகை மாதம் 14,000. எட்டு மாத வாடகையை ஒரே ராத்திரியில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

பணம் போன மறுநாளே நான் மறுபடி ‘மேடம்’ ஆகிவிட்டேன். வேறொரு பெண் கூப்பிட்டு, இனி நான்தான் உங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்வேன் என்றார். 20 சப்-அக்கவுண்ட், அதாவது கிளையன்டுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கணக்கு, என்று சொல்லித்தான் வாங்கினேன். ஆறாவது கிளையன்டைச் சேர்க்கப் போனால் பூட்டு. கேட்டால், “20 உருவாக்கலாம் மேடம், ஆனா ஒரே நேரத்துல 5தான் ஆக்டிவா இருக்கும், கூடுதல் ஒண்ணொண்ணுக்கும் மாசம் 1,500” என்கிறார். சாவி இல்லாத அறைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்தது எஸ்எம்எஸ். 10,000 இலவசம் என்றார்கள். டியூஷன் சென்டரின் 1,100 பெற்றோருக்கு மூன்றே தடவை தமிழில் அனுப்பினோம், தீர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் என்றால் 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் நமக்கு ஒற்றை எழுத்தான ‘க்’ கணினிக்கு இரண்டு. எங்கள் நாலு வரிச் செய்தி ஒவ்வொன்றும் மூன்று எஸ்எம்எஸ்ஸாகக் கழிந்திருக்கிறது. இதை மோசடி என்று சொல்லமாட்டேன், எல்லா இடத்திலும் கணக்கு இப்படித்தான். ஆனால் கோயம்புத்தூரில் விற்கிறவனுக்கு, தமிழில் அனுப்புவார்கள் என்று தெரியாதா? அனுப்புநர் பெயருக்கும் செய்தியின் டெம்ப்ளேட்டுக்கும் டிஎல்டி பதிவு (தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்கூட்டியே செய்கிற பதிவு) வேண்டுமே என்று கேட்டதற்கு, “அதெல்லாம் நாங்க பாத்துப்போம்க்கா” என்று சொன்னவனும் இவன்தான். கடைசியில் அதையும் நான்தான் உட்கார்ந்து செய்தேன்.

அப்புறம் ஆடிட்டர் போன் செய்தார். “அந்த 18,000 ரூபாய் 2பி-யில வரலையேம்மா.” விற்றவர் தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான் நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் ஏறும், ஏறினால்தான் கிரெடிட் எடுக்க, அதாவது கட்டிய ஜிஎஸ்டியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியும். அடுத்த மாதம் வரும் என்றார்கள், அதற்கடுத்த மாதம் என்றார்கள். ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தால், எனக்கு பில் கொடுப்பதற்கு முன்பிருந்தே ரிட்டர்ன் போடாமல் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம், ஒரு நிமிட வேலை. 1,18,000 ரூபாய் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

புகார் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். லீடு ஏறவில்லை என்று டிக்கெட் போட்டால், “கேச் கிளியர் பண்ணிப் பாருங்க மேடம்”. வாட்ஸ்அப் போகவில்லை என்றால், கேச் கிளியர். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கும் ஒருவர் கேச் கிளியர் செய்யச் சொன்னார், சத்தியமாக! மூன்று நாள் கழித்து, ‘உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று மெயில் வரும். ஒன்று என்று அழுத்தினால் ‘நன்றி, டியர் கஸ்டமர்’. பொள்ளாச்சித் தம்பியைக் கூப்பிட்டேன். “நான் சேல்ஸ்தான்க்கா, டிக்கெட் போடுங்க, நானும் உள்ள சொல்றேன்.” அடுத்த வாரம் மீட்டிங்கில் இருந்தான். அதற்கடுத்த வாரம் நீல டிக் மட்டும். ஒருநாள் பார்த்தால் வாட்ஸ்அப்பில் அவன் படமே இல்லை, சாம்பல் நிற வட்டம். என்னை பிளாக் செய்துவிட்டான்.

இப்போது திரை வெள்ளையானதற்குக் காரணம் தெரியும். உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருந்ததை எங்கள் ஆபீஸ் பெண்தான் கண்டுபிடித்தாள். சொந்தத் தயாரிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெளிநாட்டு மென்பொருளை மாத வாடகைக்கு எடுத்து, தன் லோகோவை ஒட்டி, என்னிடம் மூன்று வருடத்துக்கு மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள். லோகோ ஒட்டி விற்பது தப்பில்லை, அதற்கென்றே அந்தத் திட்டம் இருக்கிறது, நானும் அப்படித்தான் விற்க நினைத்தேன். ஆனால் என் பணத்தை வாங்கிக்கொண்டு அங்கே வாடகை கட்டவில்லை. நான் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். ஒரே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது: உங்கள் ஒப்பந்தம் அவர்களோடு, எங்களோடு இல்லை.

பணம் போனதைக்கூட ஒருவழியாக விழுங்கிவிடுவேன். பல் டாக்டரின் வாட்ஸ்அப் எண்தான் நெஞ்சில் நிற்கிறது. ஒன்பது வருடமாக போர்டிலும் பிரிஸ்கிரிப்ஷனிலும் இருக்கிற எண். மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்புவதற்கான ஏபிஐ-க்கு மாற்றும்போது, வாட்ஸ்அப்பை நடத்துகிற மெட்டாவில் டாக்டரின் பிசினஸ் கணக்கில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். இவர்கள் ‘சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்று தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஓடிபி வந்ததும் நான்தான் வாசித்துச் சொன்னேன். வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் அவர்கள் அந்த எண்ணின் டூ-ஸ்டெப் பூட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பல்வலியோடு செய்தி அனுப்புகிறவர்களுக்கு இரண்டு நாளாகப் பதில் இல்லை. டாக்டர் திட்டவில்லை. “நீங்க பணத்த விடுங்கம்மா, என் நம்பர மட்டும் எப்படியாவது வாங்கிக் குடுத்துடுங்க” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

விசாரணைகளும் போச்சு. ஃபேஸ்புக் லீடு படிவத்தில் வந்ததை அங்கிருந்து 90 நாள் வரைக்கும்தான் இறக்க முடியும். அதற்கு முந்தையதெல்லாம் சிஆர்எம்மில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். ஒருதடவைகூட அதை எக்செல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக இறக்கி வைக்கவில்லை. இது முழுக்க என் தப்பு, யார் மேலும் பழி போடமாட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். வியாபாரத்துக்காக வாங்கியதாயிற்றே என்று கம்பெனிக்காரன் நழுவுவான் என்கிறார் வக்கீல். 2019 சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியிருந்தால் விலக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாமாம். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில், வழக்கென்றால் டெல்லி நீதிமன்றம் மட்டும் என்று வேறு இருக்கிறது. 1,18,000 ரூபாய்க்காக டெல்லிக்கு எத்தனை தடவை போய்வர முடியும் என்று அவனுக்கும் தெரியும்.

எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், அதையும் கார்டில். ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் எண் உங்கள் அல்லது கிளையன்டின் மெட்டா கணக்கில்தான் இருக்க வேண்டும். ‘நாங்க பாத்துக்கறோம்’ என்றால் ஓடிபியைச் சொல்லாதீர்கள். டெமோவை அவர்கள் கணக்கில் பார்க்காதீர்கள், உங்கள் விளம்பரத்தை இணைத்து, உங்கள் லீடு நாலு ஏறுகிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் சிஎஸ்வி இறக்கி வையுங்கள். மூன்று பேர் வரைக்கும் சோஹோவின் சிஆர்எம் இலவசமாகவே கிடைக்கிறது. கோடாலியே தேவைப்படாத இடத்தில் நான் புல்டோசர் வாங்கியிருக்கிறேன்.

இப்போது மணி ராத்திரி 11:40. நல்லவேளை, தினமும் வந்த லீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தந்த கிளையன்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கம் எங்கள் ஆபீஸ் பெண்ணுக்கு இருந்தது. இது எதுக்கும்மா வெட்டி வேலை என்று ஒருநாள் திட்டியும் இருக்கிறேன். அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பெயரையும் எண்ணையும் எக்செல்லில் அடித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் வாசிக்கிறார், நான் அடிக்கிறேன். சரவணம்பட்டிக்காரருடையது முடிந்தது. பல் மருத்துவமனையில் இன்னும் 212 பாக்கி.