கிப்ஸா, பார்க்லியா: மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு

2025 ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஃபேன்டசி ஃபுட்பால் லீக் (அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ வீரர்களைப் பங்கு பிரித்து எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) டிராஃப்டில், அதாவது வரிசைப்படி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மூன்றாவது இடம் என்று சீட்டு விழுந்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. முதல் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஜமார் சேஸை எடுக்கலாம். இரண்டாவது இடத்துக்காரர் அநேகமாக பிஜான் ராபின்சனை எடுத்துவிடுவார். மூன்றாவதில் இருப்பவன்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லியும் லயன்ஸின் ஜமீர் கிப்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், ஓரமாக ரேவன்ஸின் டெரிக் ஹென்றியும் நின்று சிரிக்கிறார். மூவருமே ரன்னிங் பேக், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிப்ஸை எடுத்தேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எங்களுடையது பன்னிரண்டு பேர் லீக், முழு பிபிஆர். அதாவது பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு சேர்ப்பது) ஆறு, இவை போக ஒவ்வொரு கேட்ச்சுக்கும், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பதற்கும், ஒரு புள்ளி. இந்தக் கடைசி ஒன்றில்தான் எல்லாமே இருக்கிறது. ரன்னிங் பேக்கை எடைபோடும்போது "எவ்வளவு ஓடினான்" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், டிவியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். உங்கள் லீக்கில் கேட்ச்சுக்கு என்ன விலை என்று பார்க்காமல் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை.

2024 சீசனை எடுத்துக்கொள்வோம். பார்க்லி 345 ஓட்டத்தில் 2,005 யார்டு, 13 டச்டவுன், கேட்ச் 33, அதில் 278 யார்டும் 2 டச்டவுனும். ஹென்றி 325 ஓட்டத்தில் 1,921 யார்டு, 16 டச்டவுன், கேட்ச் வெறும் 19, அதில் 193 யார்டு, 2 டச்டவுன். கிப்ஸ் 250 ஓட்டத்தில் 1,412 யார்டு, 16 டச்டவுன், கேட்ச் 52, அதில் 517 யார்டு, 4 டச்டவுன். பந்தைத் தவறவிட்டதையும் இரண்டு புள்ளி முயற்சிகளையும் ஒதுக்கிவிட்டு, ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். கேட்ச்சுக்குப் புள்ளி இல்லாத ஸ்டாண்டர்ட் லீக்கில் ஹென்றி 319.4, பார்க்லி 318.3, கிப்ஸ் 312.9. முழு பிபிஆரில் கிப்ஸ் 364.9, பார்க்லி 351.3, ஹென்றி 338.4.

அதே மூன்று பேர், அதே ஆட்டங்கள், வரிசை மட்டும் அப்படியே தலைகீழ். கேட்ச்சுக்கு அரைப் புள்ளி தரும் ஹாஃப் பிபிஆரிலும் கிப்ஸ்தான் முதலில் வருகிறார், ஆனால் மூன்று பேருக்கும் இடையில் பத்து புள்ளிதான் வித்தியாசம், அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இன்னொரு வேடிக்கை: ஸ்டாண்டர்டில் ஹென்றிக்கு நாற்பது புள்ளி பின்னால் கிடக்கும் பிஜான், பிபிஆருக்கு வந்ததும் 61 கேட்ச்சை வைத்துக்கொண்டு ஹென்றியை ஒரு புள்ளியில் தாண்டிவிடுகிறார்.

கேட்ச் என்றால் என்ன என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கிப்ஸ் ஓரமாக நகர்ந்து போய் ஒரு சின்னப் பந்தைப் பிடித்து ஐந்து யார்டு போய் விழுந்தால் ஒன்றரைப் புள்ளி. அதே ஒன்றரைப் புள்ளிக்கு ஹென்றி மூன்று பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு பதினைந்து யார்டு ஓட வேண்டும். ஹென்றிக்கும் கிப்ஸுக்கும் 33 கேட்ச் வித்தியாசம், அது 330 யார்டு ஓட்டத்துக்குச் சமம், அல்லது ஐந்தரை டச்டவுனுக்கு. இன்னொன்றும் உண்டு. அணி பின்தங்கியிருக்கும்போது யாரும் ஓடிக்கொண்டிருக்க மாட்டார்கள், பந்தை எறிவார்கள். 2024-இல் அப்படிப்பட்ட நேரத்தில் ரேவன்ஸ் ஹென்றியை வெளியே கூப்பிட்டு ஜஸ்டிஸ் ஹில்லை உள்ளே அனுப்பியது, லயன்ஸ் கிப்ஸை உள்ளேயே வைத்திருந்தது. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு வரவு வருகிறது.

டச்டவுனை நம்பி வீட்டுக்கடன் வாங்க முடியாது, கேட்ச்சை நம்பி வாங்கலாம் என்பது என் கட்சி. கிப்ஸ் 2023-இல், முதல் வருடத்தில், 52 கேட்ச். 2024-இலும் அதே 52. டச்டவுனோ 11-இலிருந்து 20-க்குத் தாவியது. 20 திரும்ப வருமா என்று கேட்டால் வராது என்றுதான் நானும் சொல்வேன். 52 வருமா என்றால் வரும், கூடினாலும் கூடும்.

பார்க்லிக்குப் பிடிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஜயன்ட்ஸில் முதல் வருடமே, 2018-இல், 91 கேட்ச் பிடித்தவர் அவர். 2022-இல் 57. ஈகிள்ஸுக்கு வந்ததும் 33. கை அதேதான், அங்கே தேவை இருக்கவில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் இடம் கிடைத்தால் தானே ஓடினார், எறிந்தால் ஏ.ஜே. பிரவுனுக்கும் டெவோன்டா ஸ்மித்துக்கும் எறிந்தார். போதாததற்கு கோல் லைனில், ஒரு யார்டு மிச்சம் இருக்கும் இடத்தில், எல்லாரும் சேர்ந்து ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளும் அந்த டஷ் புஷ் வேறு. 2024-இல் ஹர்ட்ஸ் ஓடி அடித்த டச்டவுன் 14, பார்க்லி 13. 2025 மே மாதம் அணி உரிமையாளர்களிடம் அதைத் தடை செய்யக் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 24 ஓட்டு தேவைப்பட்டது, 22-இல் நின்றுவிட்டது. ஆக 2025-இலும் எழுபது யார்டைப் பார்க்லி ஓடிக் கொடுப்பார், கடைசி ஒரு யார்டை வேறொருவர் சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

சரி, இப்போது என் கணக்கில் இருக்கும் ஓட்டையைச் சொல்கிறேன், மறைத்தால் அது கள்ளாட்டம். பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகளில் இறுதிப்போட்டி 17-ஆவது வாரத்தோடு முடிந்துவிடும். கிப்ஸ் 18-ஆவது வாரத்தில் வைக்கிங்ஸை 4 டச்டவுனும் 170 யார்டுமாகக் கிழித்தார், பிபிஆரில் ஏறக்குறைய 46 புள்ளி. அருமையான ஆட்டம், லயன்ஸுக்கு முதல் இடத்தை வாங்கிக் கொடுத்த ஆட்டம், ஃபேன்டசி ஆடுபவனுக்கு அதனால் கால் காசு பிரயோஜனமில்லை. அதே வாரம் பார்க்லியை, ஒரே சீசனில் எரிக் டிக்கர்சன் ஓடிய 2,105 யார்டு சாதனையைத் தாண்ட 101 யார்டே தேவைப்பட்ட நிலையிலும், ஓய்வெடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தைக் கழித்தால் கிப்ஸ் 319-க்கு இறங்கிவிடுகிறார், பார்க்லி 351-இலேயே நிற்கிறார். அதாவது 2024-இல் பார்க்லியை வைத்திருந்தவர்தான் கொடுத்து வைத்தவர். ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டி "கிப்ஸ்தான் நம்பர் ஒன்" என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள், மேலே நானே அதைத்தான் செய்தேன்.

பிறகு ஏன் கிப்ஸ்? டிராஃப்டில் நாம் வாங்குவது போன வருடத்தை இல்லையே. பார்க்லி பிளேஆஃபையும் சேர்த்து அந்த சீசனில் 436 முறை பந்தோடு ஓடினார், கேட்ச்சையும் கூட்டினால் 482 முறை அடி வாங்கும் இடத்தில் இருந்தார், டிராஃப்ட் நேரத்தில் வயது 28. அவருக்கு முன்னால் 2,000 யார்டு தாண்டியவர்கள் எட்டுப் பேர். அடுத்த சீசனில் அவர்களில் ஒருவர்கூட 1,500-ஐத் தொடவில்லை. பாரி சாண்டர்ஸ்தான் இருப்பதிலேயே நன்றாகத் தாக்குப்பிடித்தவர், 2,053-லிருந்து 1,491. டிக்கர்சன் 2,105-லிருந்து 1,234. ஏட்ரியன் பீட்டர்சன் 2,097-லிருந்து 1,266. டெரல் டேவிஸ் கதை சோகம், 2,008 ஓடிய அடுத்த வருடம் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போய் 211-உடன் முடிந்தது. ஹென்றியும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்: 2020-இல் 2,027, அடுத்த வருடம் எட்டு ஆட்டத்தோடு பாதம் போனது, 937. எட்டுப் பேரை வைத்து விதி எழுத முடியாது, அது எனக்கும் தெரியும். உச்சத்துக்குப் போனவன் அடுத்த வருடம் கொஞ்சம் இறங்குவது இயற்கைதான், அதற்குச் சாபம் என்றெல்லாம் பெயர் வைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்றாவது இடத்தில் எடுக்கும்போது அந்த இறக்கத்துக்கும் சேர்த்துத்தானே நாம் விலை கொடுக்கிறோம்?

பார்க்லியின் யார்டு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். ராம்ஸுக்கு எதிராக நவம்பரில் 255 யார்டு, அதில் 70 ஒன்று, 72 ஒன்று என இரண்டு ஓட்டத்திலேயே பாதிக்கு மேல். ஜனவரியில் அதே ராம்ஸுக்கு எதிராகப் பனியில் 62 ஒன்று, 78 ஒன்று. பார்க்க ஆனந்தம். ஒரு டிஃபெண்டர் ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் அது எட்டு யார்டு ஓட்டம், அவ்வளவுதான்.

கிப்ஸுக்கு அப்போது 23 வயது, 2024-இல் 302 முறைதான் பந்து கைக்கு வந்தது. தொட்ட ஒவ்வொரு முறைக்கும் 1.2 புள்ளி என்று வருகிறது, பார்க்லிக்கு 0.93. 2023-இல் லயன்ஸ் இவரை நிஜ டிராஃப்டில் 12-ஆவது இடத்தில் எடுத்தபோது ரன்னிங் பேக்குக்கு இவ்வளவு முன்னால் இடமா என்று தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஹென்றியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அப்போதே 31 வயது, கேட்ச் அதிகம் கிடையாது, இருந்தும் ஸ்டாண்டர்ட் லீக்காக இருந்திருந்தால் என் கை அவர் பக்கம் போயிருக்கும். பிபிஆரில் முதல் சுற்றின் கடைசியில் கிடைத்தால் எடுத்திருக்கலாம்.

கிப்ஸில் எனக்கு உறுத்தும் விஷயங்களும் உண்டு. ஒன்று, லயன்ஸின் இன்னொரு ரன்னிங் பேக் டேவிட் மோன்ட்கமரி. 2024-இல் 14 ஆட்டத்தில் 12 டச்டவுன் ஓடினார், அவர் முழங்கால் அடிபட்டு வெளியே போன பிறகுதான் கிப்ஸ் அந்தக் கடைசி மூன்று வாரம் தனியாளாக ஆடித் தீர்த்தார். டிராஃப்ட் நேரத்தில் அவர் திரும்பி வந்திருந்தார், கோல் லைன் பங்கும் அவரோடு திரும்பி வரும் நிலை. இரண்டு, ஆட்டத்தைத் திட்டம் போட்டுக் கொடுத்த பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார், 2025 சீசனுக்கு ஜான் மோர்டன் வந்திருந்தார். அவர் கிப்ஸை எப்படிப் பயன்படுத்துவார் என்பதை நான் ஊகிக்க மட்டும்தான் முடிந்தது, ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் யாரும் கையிருப்பைக் காட்டுவதில்லை. மூன்று, முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபிராங்க் ராக்னோ 2025 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டார். ஓடுபவனுக்கு வழி பிளக்கும் ஆட்கள் மாறினால் என்ன ஆகும் என்று அளந்து சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானமில்லை. பார்க்லி பக்கமும் இதே கதைதான், ஆட்டத்தைத் திட்டம் போட்ட கெல்லன் மூர் செயின்ட்ஸுக்குப் போய் 2025-க்குக் கெவின் பட்டுல்லோ வந்திருந்தார், ஆனால் அங்கே முன்வரிசை பெரும்பாலும் அப்படியே இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் பார்க்லிக்கே ஓட்டு.

டிராஃப்ட் அன்று தொண்ணூறு நொடி கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் கூட்டாளி ஒருவன் அழைத்துவிட்டான். "டேய், ரெண்டாயிரம் யார்டு ஓடினவனை விட்டுட்டு, பாதி நேரம் இன்னொருத்தன் கூட பங்கு போட்டுக்கிற பையனையா எடுக்கப் போற?" அவனுக்கு நான்காவது இடம். நான் பார்க்லியை விட வேண்டும் என்று அவன் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தது குரலிலேயே தெரிந்தது. கவரை ஒருமுறை திருப்பிப் பார்த்தேன், 52 என்ற எண்ணைச் சுற்றி நான் ஏற்கெனவே மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தேன். பதினோரு நொடி மிச்சம் இருக்கும்போது அழுத்தினேன்.

மோன்ட்கமரியையும் ஆறாவது சுற்றில் எடுத்துவிட்டால் காப்பீடு மாதிரி ஆகும் என்று திட்டம். இரட்டைப்படைச் சுற்றில் வரிசை திரும்பி வருமல்லவா, எனக்கு ஒரு இடம் முன்னால் அதே கூட்டாளி அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் டிரேட், அதாவது ஆளை மாற்றிக்கொள்ளலாமா என்று, கேட்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் வந்தது.