எஸ்பாஸ்நெட்: ரோபோவுக்குக் காப்புரிமை கேட்பதற்கு முன் மூன்று வாரம் தேடிப் பார்த்தது

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் நடத்தும் எஸ்பாஸ்நெட் தளத்தில் மூன்று வாரமாகத் தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். உள்ளே உலகம் முழுக்க உள்ள 15 கோடிக்கும் மேற்பட்ட காப்புரிமை ஆவணங்கள் இருக்கின்றன. ரோபோ செய்கிறவர்கள் யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன ரோபோ செய்துகொண்டிருக்கிறோம். கிடங்கில் தீப்பிடித்துப் புகை மண்டிவிட்டால் கேமராவுக்கும் லைடாருக்கும் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) ஒன்றும் தெரியாது, ஆனால் ரேடியோ அலை புகையைத் தாண்டிப் போகும். அதனால் ரேடியோ சிக்னலை வைத்தே சுற்றியிருப்பதை வரைபடமாக்குகிற ரோபோ. இதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்று பார்க்க முதலில் ஒரு தேடல் நிறுவனத்திடம் போனோம், பெயர் வேண்டாம். வந்த அறிக்கையில் ரோபோ, வைஃபை, மேப் என்ற மூன்று சொல்லும் உள்ள ஆவணங்களின் பட்டியல் இருந்தது. அவ்வளவுதான். எது எங்களைத் தடுக்கும், எது தடுக்காது என்று ஒரு வரி இல்லை.

சொல்லை வைத்துத் தேடினால் ஏன் வேலைக்காகாது என்பது எஸ்பாஸ்நெட்டில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. காப்புரிமை எழுதுகிறவர்கள் ரோபோவை ரோபோ என்றே எழுதுவதில்லை. தானாக நகரும் கருவி என்பார்கள், சுத்தம் செய்யும் சாதனம் என்பார்கள், வெறுமனே ஊர்தி என்றும் எழுதுவார்கள். வைஃபை என்ற சொல்லே வராமல் சிக்னல் வலிமை, அலைவரிசை நிலை என்று பத்துப் பக்கம் போகும். இங்கேதான் தளத்தின் வகைப்பாட்டுத் தேடல், அதாவது சொல்லுக்குப் பதில் துறைக்கான குறியீட்டை வைத்துத் தேடுவது, கைகொடுக்கிறது. ரேடியோவால் திசை, தூரம் அறிவது எல்லாம் ஜி01எஸ் என்ற குறியீட்டின் கீழ் வரும், ஊர்தி போகும் வழியைக் கட்டுப்படுத்துவது ஜி05டி 1-ன் கீழ் வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தேடியதும், என்ன பெயர் வைத்திருந்தாலும் எங்கள் ரோபோவின் சொந்தபந்தங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சீன, ஜப்பானிய, கொரிய ஆவணங்களை அங்கேயே ஆங்கிலத்தில் மாற்றிப் படிக்கலாம். வாக்கியம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது தேடல் அறிக்கைகள். ஐரோப்பிய விண்ணப்பம் ஏ1 என்ற குறியோடு வெளியானால் அதோடு அலுவலகத்தின் தேடல் அறிக்கையும் சேர்ந்தே இருக்கும், ஏ2 என்றால் இருக்காது, பின்னால் ஏ3 என்று தனியாக வரும். அந்த அறிக்கையில் ஒவ்வொரு பழைய ஆவணத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். எக்ஸ் என்றால் அந்த ஒரே ஆவணம் போதும், விண்ணப்பத்தை அடிக்க. ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தால் அடிக்கும். ஏ என்றால் பின்னணித் தகவல், பயப்பட வேண்டியதில்லை. எங்களைப் போலவே யோசித்த இன்னொருவரின் விண்ணப்பத்தை எடுத்து, அவருக்கு எதிராக அதிகாரி எதை எக்ஸ் என்று காட்டினார் என்று பார்த்தால், நாளைக்கு நமக்கு எதிராக எது வரும் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். விவரமான அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல இருக்கிறது, இதை இலவசமாகக் கொடுக்கிறார்களே என்று நிஜமாகவே மனம் நிறைந்துபோனது.

சரி, இது போதுமா என்றால் போதாது. காப்புரிமை அல்லாத ஆய்வுக் கட்டுரைகளும் சந்தைக்கு வந்த பொருட்களும்கூட காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுக்கும், அவற்றை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். வைஃபை சிக்னலிலிருந்தே வரைபடத்தைக் கண்டறியும் முறை 2007-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. வீடு சுத்தம் செய்யும் ரோபோவான ரூம்பா, வீட்டைச் சுற்றிக்கொண்டே வைஃபை எங்கே பலமாக இருக்கிறது என்று படம் போடும் வசதி 2018-லேயே வந்தது. மலிவான ரேடாரை வைத்துப் புகைக்குள் வரைபடம் போடுவது 2020-ல் மொபிசிஸ் என்ற கணினி ஆய்வு மாநாட்டில் வந்த கட்டுரையில் இருக்கிறது, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்புறம், விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும் என்பதால் கடந்த ஒன்றரை வருடத்தில் யார் என்ன தாக்கல் செய்தார்கள் என்பது எந்தத் தளத்திலும் முழுசாகத் தெரியாது.

சட்டத்தையும் இந்தத் தளம் சொல்லித்தராது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறையையும் அல்காரிதத்தையும் வெறும் கணினி நிரலையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. சிக்னலை வரைபடமாக மாற்றும் கணக்கை மட்டும் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். 2019-ல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கணினி நிரல் என்பதற்காக மட்டும் தள்ளிவிடாமல் தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். அமெரிக்காவில் 2017-ல் தாலெஸ் விஷனிக்ஸ் வழக்கிலும், ஹெல்மெட்டிலும் ஊர்தியிலும் சென்சார்களை வைத்த விதத்துக்குக் காப்புரிமைத் தகுதி உண்டு என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானது. இதை மனதில் வைத்துக்கொண்டு, தேடலில் கிடைத்த ஆவணங்களின் கிளெய்ம்களை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகளை, மறுபடி படித்தேன். வெறும் 'ரேடியோவால் வரைபடம்' என்று கேட்க இனி யாருக்கும் இடமில்லை. ஆன்டெனா எங்கே இருக்கிறது, ரோபோ எந்த அசைவுக்குப் பின் எந்த அளவீட்டை எடுக்கிறது, அதனால் எந்தப் பிழை குறைகிறது என்று குறுக்கிக் கேட்டால் மட்டுமே இன்னும் இடம் இருக்கிறது.

எங்கள் ரோபோவில் அந்த இடம் எது என்று இங்கே எழுத முடியாது. தற்காலிக விண்ணப்பத்தை அடுத்த வாரம் தாக்கல் செய்கிறோம், தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய், முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும். புகைக்குள் அது ஓடும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். தாக்கலுக்கு முன் வெளியிட்டால் அதுவே எங்களுக்கு எதிரான சான்றாகிவிடும் என்பதால், விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் போடுகிறேன்.