ஆஸ்டரிஸ்க் தொலைபேசிக்கு ஐபி அனுமதிப் பட்டியல்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

புதுச்சேரி மிஷன் வீதியில் தலைமை அலுவலகமும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளையும் உள்ள எங்கள் நிறுவனத்தில், ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் இயங்கும் தொலைபேசி அமைப்பைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இணையவழி அழைப்புகளை ஏற்படுத்தும் சிப் நெறிமுறைக்கான 5060 போர்ட் இணையத்தில் திறந்து கிடந்தால், யார் யாரோ எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு) எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது லாகில் (பதிவேட்டில்) தெரியும். ஒன்று சிக்கினாலும் வெளிநாட்டு அழைப்புகளின் கட்டணம் நம் தலையில்தான் விழும். எனவே எந்த ஐபி முகவரிகளை அனுமதிப்பது என்பதை ஆஸ்டரிஸ்கின் ஏசிஎல் (அணுகல் கட்டுப்பாட்டு) பட்டியலில் வரையறுத்து வைத்திருக்கிறோம்.

பட்டியலில் வரிசை முக்கியம். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் முதலில் பொருந்தி ஏற்கவோ மறுக்கவோ செய்யும் விதியே முடிவாகும். ஆஸ்டரிஸ்கிலோ எல்லா விதிகளும் பார்க்கப்பட்டு, கடைசியாகப் பொருந்தியதே செல்லும். ஆகவே 0.0.0.0/0 என ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் மறுத்த பிறகே அலுவலக வலையமைப்பையும், வெளி அழைப்புகளை இணையம் வழியே இணைத்துத் தரும் சிப் டிரங்க் வழங்குநரின் முகவரிகளையும் அனுமதிக்க வேண்டும். எந்த விதிக்கும் பொருந்தாத முகவரி உள்ளே விடப்படும் என்பதால், ஐபிவி6 இயங்கும் சர்வரில், ஐபிவி6 முகவரிகள் அனைத்தையும் குறிக்கும் ::/0 என்பதையும் தனியே மறுக்க வேண்டும். என் கணிப்பில், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

உண்மையான தொல்லை, கடலூர்க் கிளையின் மாறும் முகவரியால் வந்தது. மின்தடைக்குப் பின் ரவுட்டர் மீண்டும் இயங்கும்போதெல்லாம் முகவரி மாறும்; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, இணையம் திரும்பியும் கிளைத் தொலைபேசிகள் சர்வரில் பதிவாகாமல் நின்றதற்கும் அதுவே காரணம். இணைய நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதையும் அனுமதித்தால் வேலை எளிதுதான், ஆனால் அதன் மற்ற சந்தாதாரர்களுக்கும் கதவு திறந்துவிடும். ரவுட்டரில் தெரியும் முகவரி, இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் மட்டும் பயன்படுத்தும் 100.64.0.0/10 தொகுதியைச் சேர்ந்ததாக இருந்தால், அதைப் பட்டியலில் எழுதியும் பயனில்லை. சர்வர் காண்பது பலர் பகிரும் வேறொரு பொது முகவரியை.

இறுதியில் கிளையின் ரவுட்டரில் தலைமை அலுவலகத்தோடு மறையாக்கப்பட்ட தனி இணைப்பைத் தரும் வயர்கார்டு விபிஎன் அமைத்து, ஏசிஎல்லில் அந்தத் தனிவலையை மட்டும் அனுமதித்தோம். கிளையின் பொது முகவரி மாறினாலும், சரியான மறையாக்கச் சாவியுடன் வரும் அடுத்த பாக்கெட்டிலிருந்து (தரவுத் துண்டிலிருந்து) வயர்கார்டு புதிய முகவரியைத் தானே அறிந்துகொள்கிறது. அதன்பின் பட்டியலைத் திருத்த நேரவில்லை.

எனினும், ஏசிஎல் சோதிப்பது பாக்கெட் ஆஸ்டரிஸ்கை அடைந்த பிறகுதான். குரலைச் சுமக்கும் ஆர்டிபி போர்ட்களுக்கும் அது காவல் அல்ல. ஆகையால் அதே கட்டுப்பாட்டை ஃபயர்வாலிலும் வைத்திருக்கிறோம்.