வரி மாறிய நாளும் எங்கள் பில்லிங் மென்பொருளும்

2025 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய திங்கட்கிழமை, ஜிஎஸ்டி விகிதம் மாறியது. முந்தைய இரவு கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஷாம்பு, குளியல் சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5, நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5, நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை. நாங்கள் சந்தா கட்டும் ஆன்லைன் கணக்கு மென்பொருளில் பொருளின் வகையைக் குறிக்கும் ஹெச்எஸ்என் எண்ணை வைத்துப் பிரித்து மொத்தமாக மாற்ற முடிந்தது, அது உண்மையிலேயே பெரிய உதவி.

அப்புறம்தான் சிக்கல். விலையை வரியோடு சேர்த்துப் பதிந்திருந்ததால், 118 ரூபாய் ஷாம்பு வரி குறைந்த பிறகும் 118 என்றே பில்லில் வந்தது. 105 ஆகியிருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய பணம் அது, ஒவ்வொரு பொருளாகத் திறந்து கையால் திருத்தினேன்.

இன்னொன்று, செப்டம்பர் 15-ஆம் தேதி விற்ற சரக்கு திரும்பி வந்தபோது, பழைய பில் தொகையைக் குறைக்கக் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் மென்பொருள் 5 சதவீதம் போட்டது. பழைய பில்லுக்குப் பழைய 18 தானே வர வேண்டும்? விகிதத்தோடு 'எந்தத் தேதி முதல்' என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், இதில் அது இல்லை. கையிருப்பில் இருந்த நோட்டுப் புத்தகங்களுக்கு இனி வரி இல்லை என்பதால், அவற்றை வாங்கும்போது கட்டி ஏற்கெனவே கழித்துக்கொண்ட வரியை (உள்ளீட்டு வரி) திருப்பிக் கட்டவும் தனி அறிக்கை கிடையாது, ஆடிட்டர்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருடச் சந்தா கட்டும் முன் அந்தத் தேதிக் கட்டம் வந்துவிட்டதா என்று பார்ப்பேன்.