அடீனியமா, ஜட்ரோபாவா? குழித்துறை மழையை வைத்து ஒரு கணக்கு

பருத்த அடித்தண்டுக்காகச் செடி சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது அடீனியம். பூவழகில் அதற்கு ஈடில்லை. ஒட்டுச்செடி என்றால் அடுக்குப் பூவும் கிடைக்கும். அதேபோல அடித்தண்டு பருக்கும் இன்னொரு செடியான ஜட்ரோபா போடக்ரிகாவில் பவழச் சிவப்பில் சின்னச் சின்னக் கொத்துகள், அவ்வளவுதான். இருந்தும் குழித்துறையில் என் வீட்டு முற்றத்தில் நிற்பது ஜட்ரோபாதான். காரணம் மழை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், நனைந்த தொட்டி சரியாகக் காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். அடீனியமோ சஹாராவின் தெற்கு விளிம்பிலும் அரேபியாவிலும் பிறந்தது. மழையில்லாத மாதங்களைக் கடக்கத்தான் தண்டில் நீரைச் சேர்த்து வைக்கிறது. வேர் ஓயாமல் ஈரத்தில் கிடந்தால் அழுகிவிடும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் பழுத்த சப்போட்டாவைப் போல உள்ளே போகும். பிறகு நல்ல சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் உலர்த்தி, பூஞ்சைக்கொல்லி தடவி மறுபடி நட வேண்டும். பருமணலும் செங்கல் சல்லியும் பாதிக்கு மேல் கலந்து, மழை தொடங்கியதும் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துபவர்களிடம் அடீனியம் நன்றாகவே இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டி சுமக்க எனக்குப் பொறுமையில்லை.

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த ஜட்ரோபா இந்த மழையைப் பொறுத்துக்கொள்கிறது. தொட்டியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதோ என்று பயந்து தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

விஷம் இரண்டிலும் உண்டு. அடீனியம் அரளிக் குடும்பம். அதன் பால் இதயத்தைத் தாக்கும், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். ஜட்ரோபா காட்டாமணக்கின் உறவு. விதையைத் தின்றால் வாந்தியும் பேதியும் வரும். இந்த ஒரு விஷயத்தில் என் செடிதான் மோசம். முற்றிய காய் வெடித்து விதை முற்றமெங்கும் தெறிக்கும். பச்சைக் காயிலேயே கிள்ளிவிடுகிறேன், கையையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். தவழும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு. அங்கே இருப்பவர்கள் தயங்காமல் அடீனியம் வாங்கலாம். கடலோர உப்புக்காற்றில் நான் வளர்த்துப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்கினாலும் விதையில் முளைத்ததா என்று நர்சரியில் கேளுங்கள். கம்பு நட்டு வளர்த்ததில் அடித்தண்டு அவ்வளவு அழகாகப் பருக்காது.